கல்லூரித் தம்பியை ஏன் கட்டிப்பிடித்தேன்

இரவுப் பள்ளிச் சுவரில் என் கையால் எழுதி ஒட்டும் முதல் சேதி இது. என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சேதிக்குச் சிரியுங்கள்.

காலையில் காட்பாடியில் ரயில் ஏறி, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கல்லூரி மாணவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் மூக்கைப் பொத்தினான்.

"இன்னா பெருசு, தோல் ஷாப்பா? நாத்தம் தாங்கல. அந்தாண்ட போ."

தோல் பதனிடுவதுதான் என் வேலை. ஆம்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மாலையில் நம் பள்ளிக்குப் பேச வந்தவன் அவனேதான்! வாசலில் அவனைப் பார்த்ததும், வேலை முடிந்து குளிக்கக் கிளம்பிய நான் குளிக்காமலே திரும்பினேன்.

தன் கிறிஸ்தவக் கல்லூரியின் வேதப் பாட வகுப்பில் எல்லா மதத்தாரும் ஒரே பெஞ்சில் உட்காருவதைப் பற்றி அழகாகப் பேசினான். "அடுத்தவங்க மதத்துப் பழக்கத்தையும் மதிக்கணும்" என்று முடித்தான். நீங்கள் கை தட்டினீர்கள். நான் எழுந்தேன்.

"தம்பி, நம்ம மேஸ்திரி பாய் பெருநாளுக்கு என்னை இப்படித்தான் கட்டிப்பாரு. மதிக்கணும் இல்ல?"

வலது தோள், இடது தோள், மறுபடியும் வலது தோள். அவசரமே படவில்லை.

"போதுங்க ஐயா, போதுங்க" என்றான்.

பின்னாலிருந்து மேஸ்திரி பாய், "நல்லா இறுக்கிப் புடிண்ணே, விருந்தாளி!" என்றார்.

வேலூர் திரும்பும் ரயிலில் அவன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தார்களா? பார்த்தவர்கள் இதன் கீழே எழுதுங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அதை மட்டும் நாலு தடவை படிப்பேன்.