வைத்தபடி இருந்த இலை

தந்தி வந்தபோது நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். ரசத்துக்குச் சாதம் வைத்தாயிற்று. என் மகன் முகப்பிலிருந்து உள்ளே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "அத்தை தவறிட்டாக ஆத்தா" என்றான். அவனுக்கு மாமியார், எனக்குச் சம்பந்தி, வள்ளியம்மை ஆச்சி.

துக்கம் கேட்டால் இலையை விட்டு எழுவது முறை. எழுந்தேன். கை கழுவும்போதுதான் தோன்றியது, பாதிச் சாப்பாட்டில் ஒருவர் எழுவதை அந்த அம்மாளால் பொறுக்கவே முடியாதென்று.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். திருமயம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அவர் இடுப்புச் சாவியின் சத்தம் கேட்டால் பரிமாறுகிறவர்களின் கை தானாக நீளும் என்பார்கள். ஆச்சி பருமனானவர். அதை நான் பூசி மெழுகி எழுதினால் அவரே சிரிப்பார். "என் கைச்சோறு தின்னு யாரும் எளைச்சதில்ல, சாட்சிக்கு நானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டவர் அவர். அவர் உபசரித்ததை எல்லாரும் எழுதுவார்கள். அவர் சாப்பிடாமல் இருந்ததைப் பற்றி நான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தவர், பேச்சின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அறைக்குள் அழைத்துப் போனேன். கதவைத் தாழிடச் சொல்லிவிட்டுக் காட்டினார். தொப்புளில் தேங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்து அமுக்கினால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும். ஐந்தாறு வருஷமாக இருக்கிறதாம். இப்போதெல்லாம் சில நாள் உள்ளே போக மறுக்கிறதாம்.

"ஏன் என்கிட்டச் சொல்றீக?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும். வாயை மூடிக்கிட்டிருக்கவும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சவுக நம்ம பக்கத்துல வேற யாரு இருக்காக?"

திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். என் கான்வென்ட் படிப்பு வீட்டுக் கணக்கு எழுதுவதைத் தாண்டிப் பயன்பட்டது அன்றைக்குத்தான். வெளிநாட்டு டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். குடல் இறக்கம், வெட்டித் தைத்தாக வேண்டும், குடல் அந்த ஓட்டையில் சிக்கிக்கொண்டால் உயிர் தப்புவது கஷ்டம் என்றார். ஆனால் இந்த உடம்போடு மேஜையில் கிடத்தமாட்டேன் என்றும் சொன்னார். மயக்க மருந்தையே மூச்சு தாங்காது. தாங்கினாலும் இத்தனை கொழுப்பில் தையல் நிற்காது. பிறகு ஒரு துணி நாடாவை எடுத்து ஆச்சியின் இடுப்பைச் சுற்றி, இரண்டு முனையும் தொடும் இடத்தில் வெட்டினார். இதே நாடாவைச் சுற்றும்போது ஒரு சாண் மிச்சம் விழ வேண்டும், அன்றைக்கு வா என்று அதை என் கையில் கொடுத்தார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி இது: "யாரு சாணுன்னு கேளுங்க. என் சாணா, அவுக சாணா? அவுக வெரலு முருங்கைக்காயாட்டம் நீட்டுல்ல இருக்கு."

கேட்டேன். டாக்டரம்மா சிரிக்காமல் தன் விரல்களை விரித்துக் காட்டினார்.

வீடு திரும்பும்போது காரில் என்னிடம் வாக்கு வாங்கினார். யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக உமையாள் ஆச்சிக்கு. உமையாள் ஆச்சி அவருடைய நாத்தனார், கணவருக்கு மூத்தவர்; 'அண்டி' என்றுதான் கூப்பிடுவார். தம்பி மலேயாவில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். உமையாள் ஆச்சியின் கணவர் பட்டணத்தில் ஆபரேஷனுக்குப் போனவர், திரும்பவில்லை. கத்தி என்ற பேச்சைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அவர் காதுக்கு விஷயம் போனால் ஆஸ்பத்திரிக் கதவு தனக்கு அடைத்த மாதிரிதான் என்று ஆச்சி நம்பினார். அந்த இடத்தில் வியாதி என்று வெளியே சொல்லவும் அவருக்குக் கூச்சம்.

அன்றிலிருந்து பாதிச் சோறு, கீரை, நீர்மோர், நெய் இல்லை. நடக்கவும் வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் காரணமில்லாமல் தெருவில் நடப்பதில்லை. ஆச்சி வீட்டுக்குள்ளேயே முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று கோடிவரை போய்த் திரும்பி வந்தார். "எதுக்கு இம்புட்டு நீளமாக் கட்டுனாகன்னு இத்தனை வருசமாத் தெரியல. நான் நடக்கத்தான் கட்டிருக்காக" என்றார். ஒரு தடவை நான் போனபோது உக்கிராண அறையில், சீப்புச் சீடை டின்னைத் திறந்து முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் பதறவில்லை. "வாசனைக்கும் நாடா கொறையுமான்னு அடுத்த தடவை கேட்டுச் சொல்லுங்க" என்று மூடியைப் போட்டார். நான் கண்டிப்பானவள்; ஆனாலும் அன்றைக்கு டின்னில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை.

வளையல் முழங்கை வரை ஏறியது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பார்க்கிறவர்கள் சர்க்கரையா, சயமா என்று என்னிடம் தனியாக விசாரித்தார்கள். "உடம்பு ஏறுனா ஊருக்குச் சிரிப்பு, எறங்குனா ஊருக்குத் துக்கம். ரெண்டுலயும் நம்மளால ஊருக்கு வேலை" என்பார். மாதம் ஒரு முறை நான்தான் நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். முதலில் விரற்கடை, பிறகு நாலு விரல். ஒரு மாதம் நகரவே இல்லை. அன்றைக்கு மட்டும் அவர் கண்ணில் நீர் பார்த்தேன்.

சாண் எட்ட இன்னும் இரண்டு விரல் இருந்தபோது என் வீட்டில் எங்கள் பேரனுக்குக் காது குத்து வைத்தோம். இரண்டு பக்கத்து உறவும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால் உறவில் விரிசல் என்று அர்த்தம். நாள் முழுக்கச் சமாதானம் சொன்னாலும் அந்த அர்த்தம் மாறாது. பிறந்த வீட்டார் பெண்ணைக் கொடுத்து வருத்தப்படுகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் கீரமங்கலம் வரை பேச்சுப் போய்விடும். அதனால் முதல் நாளே அவரிடம், "நாளைக்கு ஒரு வேளை மட்டும் எல்லாரையும் போலச் சாப்பிடுங்க" என்று சொன்னேன்.

"ஒரு வேளையில என்ன இருக்குன்னு எனக்கு நானே ஆயிரம் வேளை சொல்லிருக்கேன் ஆச்சி. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த உடம்பு. நீங்க கவலைப்படாதீக. ஒங்க பந்தியில நான் முன்னால எந்திரிக்கமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். பெண்கள் பந்தியில் நடுவில் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் வேண்டாமென்று சொல்லாமல் வைக்கவிட்டார். ஒரு பிடி சோற்றை எடுத்து, பத்துப் பத்துப் பருக்கையாகப் பிரித்து, ஒவ்வொன்றாக மென்றார். பேசினார், சிரித்தார், பக்கத்து இலைக்கு அப்பளம் கேட்டார். பாயசம் வந்தது, மோர் வந்தது. அந்த ஒரு பிடி தீரவில்லை. பரிமாறுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டு நின்ற நான், இது யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்றே நினைத்தேன்.

எதிர் வரிசையில் உமையாள் ஆச்சி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "வள்ளி, எலையில வச்சது வச்சபடி இருக்கே" என்றார். பக்கத்து இலைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சம்பந்தி வீட்டுல என்ன கொறை கண்டே? இருந்தா வாயைத் தொறந்து சொல்லு. நாங்க இருக்கோம்ல கேக்க."

என் மருமகள், வள்ளியம்மை ஆச்சியின் மகள் மீனாள், கையில் மோர்ச் செம்போடு நின்றாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நானும் வாய் திறக்கவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன்.

வள்ளியம்மை ஆச்சி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கொறை எலையில இல்ல அண்டி, என் வயித்துல. தொப்புள்ல ஒரு தேங்கா மொளைச்சிருக்கு. அதை அறுத்தெடுக்கணுமாம். மேல இருக்க மட்டையை மொதல்ல உரிச்சிட்டு வான்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. உரிச்சிக்கிட்டிருக்கேன். பாதிக்கு மேல உரிச்சாச்சு. சம்பந்தி வீட்டுச் சமையல்ல கொறை இருந்தா நான் இம்புட்டுக் கஷ்டப்பட வேண்டியதே இல்ல. வாசனைதான் ஆளைக் கொல்லுது."

யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது. உமையாள் ஆச்சி சிரிக்கவில்லை. பந்தி முடியும்வரை வள்ளியம்மை ஆச்சி அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் எழும்போது, தன் நிறைந்த இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு வேண்டும் என்று விரும்புகிற வீட்டில் அப்படித்தான் மடிப்பார்கள். எல்லாரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நிதானமாகவே மடித்தார்.

ஒரு வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை, தன் உயிருக்கே தடை வரும் என்று தெரிந்தும், என் வீட்டுப் பேருக்காகவும் மீனாளுக்காகவும் பந்தி நடுவில் போட்டு உடைத்தார். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

அவர் பயந்தது அன்று சாயங்காலமே நடந்தது. "நான் இருக்கும்வரை ஒன் மேல கத்தி வைக்க விடமாட்டேன்" என்றார் உமையாள் ஆச்சி. வள்ளியம்மை ஆச்சி நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். "அமுக்கிப் பாருங்க அண்டி. இன்னைக்கு உள்ள போகுது. போகாத அன்னைக்கு என்னைய யாரு காப்பாத்துவாக?" அந்தக் கை நெடுநேரம் அங்கேயே இருந்தது. கடைசியில், "நானும் கூட வருவேன். அவுகளை அனுப்பிச்சிட்டு வீட்டுல உக்காந்திருந்தேன். ஒன்னைய அப்படி அனுப்பமாட்டேன்" என்றார்.

நாடாவில் சாண் விழுந்ததும் திருச்சிக்குப் போனோம். டாக்டரம்மா தன் கையை வைத்தே அளந்தார். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து எழுந்து நிற்கச் சொன்னபோது, பச்சை ரணத்தோடு யாராவது எழுப்புவார்களா என்று உமையாள் ஆச்சி குறுக்கே நின்றார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் கட்டும் என்று நான் மொழிபெயர்த்தேன். வள்ளியம்மை ஆச்சி ஒரு கையால் என் தோளையும் மறு கையால் கட்டிலையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரும வேண்டுமென்றால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "புள்ளை பெத்தப்பகூட இம்புட்டு அணைச்சதில்ல" என்றார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே.

விஷயம் வெளியே வந்துவிட்டதால் உறவு முழுக்க டிபன் காரியரோடு திருச்சிக்கு வந்தது. ஆட்டுக்கால் சூப்பு, நெய்ச் சோறு, பணியாரம். ரணம் ஆறத் தெம்பு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கஞ்சித் தண்ணீருக்கு மேல் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. வேண்டாமென்று சொன்னால் வருத்தம் வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், உமையாள் ஆச்சி வார்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சட்டியை அங்கிட்டு வச்சிட்டு ஆளு மட்டும் இங்கிட்டு வாங்க" என்றார். அவரிடம் யார் வருத்தப்பட முடியும்? பந்தியில் சொல்லாமல் மறைத்தே வந்திருந்தால் அந்தக் காவல் ஆச்சிக்குக் கிடைத்திருக்காது என்று நான் பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு. காரியரெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இருந்த, மீமிசல் ஊர்க்கார அம்மாள் வீட்டுக்குப் போயின.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். மெலிந்தே இருந்தார் என்று எழுதினால் பொய். விழுந்த சாணில் பாதி திரும்பி வந்தது. தையல் மட்டும் விடவில்லை. பந்தியில் அந்த ஒரு பிடிப் பழக்கமும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் தவறியபோது நான் சாப்பிட மறுத்தேன். படித்தவள், பிடிவாதக்காரி என்று எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள். வள்ளியம்மை ஆச்சி எதிரில் வந்து உட்கார்ந்து, தனக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி வைத்தார். சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் சோற்றைப் பருக்கை பருக்கையாக மென்றார். அவர் பிடி தீருவதற்காக நான் காத்திருந்தேன், தீரவில்லை. வெயில் இறங்கும்போது என் கை தானாகச் சோற்றுக்குப் போனது. "நான்தான் சொன்னேனே, ஒங்க பந்தியில முன்னால எந்திரிக்கமாட்டேன்னு" என்றார்.

அவருடைய காரியத்துக்குப் போயிருந்தேன். அம்மா பொருளில் என்ன வேண்டும் என்று மீனாள் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை ஒரு பிடிச் சோற்றோடு உட்கார்ந்திருப்பது அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதுவே போதும்.

காரியச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உமையாள் ஆச்சி. எண்பதைத் தாண்டிவிட்டார், பார்வை மட்டும் மங்கவில்லை. என் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. தன் இலையை மூடாமல், நான் என் பிடியை முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

துக்க வீட்டில் இலையை வெளிப்பக்கமாக மடிப்பது முறை. நான் என் பக்கமாக மடித்தேன்.

"அங்கிட்டு மூடணும் ஆச்சி" என்றார் உமையாள் ஆச்சி, மெதுவாக.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.