பக்கப் பெட்டிக்குப் பாவாடை நாடா

வாசுதேவநல்லூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பைக்கின் சீட்டுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். பின்னால் வரிசையாகக் கார்கள் வந்துகொண்டிருந்தன. வண்டியை ஓரங்கட்டினால் அத்தனை பேரும் பார்ப்பார்களே. அதனால் மூடியைக் கெண்டைக்காலால் அமுக்கிப் பிடித்தபடியே தென்காசி வந்து சேர்ந்தேன். வாசலில் இறங்கியதும் கால் நிற்கவில்லை. கேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டி, கேட்டைக் கொஞ்சிக்கிட்டு நிக்கே?" என்றார்.

"மூடி கழண்டுட்டு. கால வச்சே புடிச்சுக்கிட்டு வந்தேன்."

"எங்கனயிருந்து?"

"புளியங்குடி தாண்டினதுலயிருந்து."

"அம்புட்டுத் தூரமா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

என் வீட்டுக்காரர் செங்கோட்டை மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒருவரிடம் இந்த பைக்கைப் பழசாக வாங்கினார். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கென்றே செய்த பெரிய வண்டி. முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் துணிமணி வைக்கப் பெட்டி. நான் சேலையோடு ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார வேண்டும் என்று இடப்பக்கப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஆக, அந்தப் பக்கத்துப் பெட்டி இப்போது நான்தான்.

மதுரையில் வேலை பார்க்கும் எங்கள் மகனுக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. போன தடவை வந்தபோது பக்கவாட்டுக் கண்ணாடி ஒடிந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் குதித்தான். "எப்பா, ஒடஞ்சிருக்குன்னா நீங்க எங்கனயோ விழுந்திருக்கீயன்னு அர்த்தம். இன்னொரு தடவ ஏதாவது ஒடஞ்சிருக்கதப் பாத்தேன், அன்னைக்கே வித்துருவேன்" என்றான். இவர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. வெயிலில் காய்ந்து பிளாஸ்டிக் தானாக விட்டுப்போகிறது. அதை அவன் நம்பவில்லை.

வண்டி போய்விடுமோ என்று இவரைவிட எனக்குத்தான் அதிகப் பயம். ஆனால் அது யாருக்கும் தெரியாது. பாவம், புருஷன் சொல்லைத் தட்ட முடியாமல் இந்த வயதில் பைக்கில் ஏறுகிறாள் என்று தெருவே என்மேல் இரக்கப்பட்டது. நானும் முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொள்வேன். உண்மையில், புளியரை தாண்டி மேடு ஏறும்போது முகத்தில் அடிக்கிற குளிர்காற்றுக்காக நான் எதையும் கொடுப்பேன். பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருப்பவள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாள். கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவள் நான். பைக்கின் பின்னால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று இவரிடம்கூட நான் சொன்னதில்லை. கிழவிக்கு வந்த ஆசையைப் பார் என்று தோன்றிவிடுமே.

மகன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனில் சொன்னான். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்த மெக்கானிக் அவனோடு ஒன்றாகப் படித்தவன். வண்டி வீடு திரும்பும் முன்னால் செய்தி மதுரைக்குப் போய்விடும்.

"நம்மளே பாத்துக்கிடுவோம்" என்றார் இவர். இவருக்குத் தரையில் உட்கார முட்டி மடங்காது. அதனால் நம்மளே என்றால் நான் என்று பொருள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறபோது சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். "வரட்டும், வரட்டும்… லேசா எடது… ஹோல்டான்!" நான் திருப்புளியோடு அப்படியே நிற்பேன்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், அதன் பின்பக்கம் மூன்று முளைகள் இருக்கின்றன. வண்டியில் இருக்கும் ஓட்டைகளில் அவை போய் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று அடியோடு ஒடிந்திருந்தது. அதை ஒட்டக் கடையில் எம்சீல் வாங்கி வந்தார். சின்ன டப்பாவில் இரண்டு உருண்டை. செய்முறை பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. கூடவே இரண்டு கைகள் மாவு பிசைகிற படம். இதுபோதும் எனக்கு என்று நினைத்தேன். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரியே இரண்டையும் அடித்துப் பிசைந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, ஊறட்டும் என்று சமைக்கப் போய்விட்டேன்.

சாம்பார் இறக்கி, கூட்டு தாளித்து வந்து துணியை எடுத்தால், உள்ளே அம்மிக்குழவி மாதிரி இருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தேன், தட்டினேன், தரையில் மோதினேன். அது வரவில்லை.

"என்னட்டி சத்தம்?"

"மாவு எறுகிட்டு."

"ஒட்டுத மாவ எவளாவது ஊற வைப்பாளா?"

"நீங்கதான் நாற்காலில இருந்துகிட்டு வரட்டும் வரட்டும்னு சொன்னீய. ஊற வைக்காதன்னு சொன்னீயளா?"

அடுத்த டப்பாவில் பிசைந்ததும் வைத்தேன். ஆனால் வெறும் மாவு முளையாக நிற்கவில்லை. அழுத்தினால் ஒடிந்தது. அப்போதுதான் குளியலறையில் கிடந்த ரப்பர் செருப்பு கண்ணில் பட்டது. வார் அறுந்தால் நாம் பின்னூசி குத்திப் போடுவோமே, அந்த வாரின் அடியில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்கும். ஓட்டைக்குள் அமுக்கினால் போகும், எளிதில் வராது. ஒரு குமிழைத் தண்டோடு வெட்டி மூடியில் பதித்து, சுற்றி எம்சீல் பூசிக் காயவிட்டேன். மாட்டிப் பார்த்தால் டப்பென்று உட்கார்ந்துகொண்டது. செருப்பு இவருடையது. மறுநாள் காலையில் ஒற்றைச் செருப்போடு நின்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அதோடு விட்டிருக்கலாம். கை ருசி கண்டுவிட்டது. வலப்பக்கப் பெட்டியின் கொக்கி லொடலொடவென்று இருந்தது. அதை இறுக்குகிறேன் என்று எதிர்ப்பக்கம் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. பெட்டி மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுநாள் ஞாயிறு. பெட்டி கறுப்பு, என் பழைய பாவாடை ஒன்றும் கறுப்பு. நாடாவை உருவி, மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான். பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

வண்டியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். புதுசு மாதிரி மின்னியது. மகன் பார்த்ததும் வாயடைத்துப் போவான் என்று இருந்தேன். அவன் தனியாக வரவில்லை. இலத்தூரில் இருந்து ஒருவரைக் கூட்டிவந்தான், மீசையும் கூலிங்கிளாஸுமாக.

"சும்மா பாத்துட்டுப் போகட்டும்ப்பா. வாங்கணும்னு கட்டாயமில்ல" என்றான்.

நான்தானே துடைத்து மினுக்கி வைத்தேன், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நிறுத்துவது மாதிரி! கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இலத்தூர்க்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டுக்குக் கீழே இருந்த மூடியைத் தட்டி, "நல்ல கெட்டியா இருக்கே" என்றார். வெட்கமில்லாமல் எனக்கு அப்போதும் பெருமையாக இருந்தது. பிறகு பெட்டிப் பக்கம் போனார். கறுப்பாகத் தொங்கிய முனையைப் பிடித்து இழுத்தார். நாடா முழுசாகக் கையில் வந்தது. மூடி திறந்து, குற்றாலத்தில் குளிக்க எடுத்துப்போகும் துண்டும் என் மாற்றுப் பாவாடையும் அவர் காலடியில் விழுந்தன.

"இது என்ன பெல்ட்டு, அண்ணாச்சி?"

"அது… ஒரு மாதிரி ஸ்ட்ராப்பு" என்றார் இவர்.

மகன் வாங்கிப் பார்த்தான். "எப்பா, இது பாவாட நாடால்லா!"

இலத்தூர்க்காரர் சந்தேகம் வந்து சீட்டுக்குக் கீழே இருந்த மூடியையும் பிடுங்கினார். "செருப்புக் குமிழா இது? வண்டியில இன்னும் என்னென்னல்லாம் இருக்கு, அண்ணாச்சி? சட்டி பான?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

"எத்தன தடவ விழுந்தீய, எப்பா?"

"விழலலே."

"விழாமலா இம்புட்டு ஒட்டுப் போட்டிருக்கீய? ஒருநாள் மலைப்பாதைல அம்மாவையும் சேத்து விழத்தாட்டப் போறீய. அண்ணாச்சி, என்ன குடுக்கணுமோ குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. சாவியக் குடுங்கப்பா."

இவர் சட்டைப்பையில் கையை விட்டார். நான் வெளியே வந்து, "அது எனக்கு வேணும்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை சத்தம் கூடிப்போய்விட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எது வேணும்? நாடாவா?" என்றான் மகன்.

"வண்டி."

"வண்டிய வச்சு நீ என்னம்மா செய்யப்போற?"

"பின்னால இருக்கப் போறேன்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "அப்பாவுக்காவத்தான் போறேன்னு நெனச்சியோ? எனக்குத்தான்யா போணும். எங்கன போவோம், எப்பம் போவோம்னு நான்தான் கெடந்து தவிக்கேன். இதயும் கொண்டுபோயிட்டா நான் வாசலோட கெடக்க வேண்டியதுதான். அவிய விழல. ஒட்டுப் போட்டது பூரா நான்தான்."

இவர் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நெசமாவாட்டி? நீ பயந்துக்கிட்டு வாரன்னுல்லா நான் மெதுவா உருட்டிக்கிட்டுப் போனேன்!"

இலத்தூர்க்காரர் குனிந்து துண்டை எடுத்துப் பாவாடையின் மேல் போட்டு மறைத்தார். நல்ல மனுஷன். "ஆச்சி ஆசையா வச்சிருக்க வண்டி. எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்கு ஒரு வாய்க் காப்பி கொடுத்திருக்க வேண்டும். நான் அதற்குள் அடுக்களைக்குள் ஓடி கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மகன் வந்து எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். "பிடிக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றான். அன்று மாலையே வண்டியைத் தன் சிநேகிதனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். என் வேலை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கொக்கி, முளை, கண்ணாடி எல்லாம் ஒழுங்காகப் போட ஏற்பாடு செய்தான். எனக்கு லேசாக வருத்தம்தான். இரண்டு ஹெல்மெட்டும் வாங்கி வந்தான். இது தலையில் இல்லாமல் தெருமுனை தாண்டினால் வண்டி கிடையாது என்றான்.

என் கொண்டைக்கு மேல் அது உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்துச் சடை போட்டு மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் இட்லிக் கொப்பரைக்குச் சேலை கட்டியது போல இருந்தது. இருந்தாலும் ஒரு நிம்மதி. முகம் தெரியாது, யாரும் அடையாளம் காண மாட்டார்கள்.

குற்றாலத்துக்குக் கிளம்பினோம். தெருமுனை வரைக்கும்கூட அந்த நிம்மதி நிலைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலில் இருந்து கத்தினாள். அவள் புருஷன் துபாயில் இருக்கிறார், இவளுக்குப் பொழுது போக வேண்டும். "யக்கா, அருவிக்கா? தொப்பி நல்லாருக்கு! மாமாவ இறுக்கிப் புடிச்சுக்கோங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்தேன். என் ஹெல்மெட் இவர் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது.

"என்னட்டி, நிறுத்தணுமா?"

"ஒண்ணுமில்ல, போங்க" என்றேன். "கொஞ்சம் வெரசாத்தான் போங்களேன்."