நூலைக் கீழே போட வேண்டும்

ஜெகதாப்பட்டினத்தில் கல்யாணத் துணிக்குப் பூப்போட வேண்டுமென்றால் ரமீஜாவிடம்தான் போவார்கள். பதினாறு வயதில் ஊசி பிடித்தவள். நாற்பத்து நான்கு வயதுவரை ஊர்ப் பெண்களின் முக்காடுகளில் பூவும் கொடியுமாகப் போட்டுக் கொடுத்தாள். கடைசியாக எடுத்தது தன் மகள் ஹஃப்சாவின் நிக்காஹ் துப்பட்டாவை. அது பாதி முடிந்திருந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. அவளும் சரிந்தாள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது பக்கவாதத்தில் வலது கை மரக்கட்டையாக இருந்தது, காலும் இழுத்தது. அதைவிடக் கொடுமை பேச்சு. எல்லாம் தலைக்குள் இருந்தது. வாய்க்கு வரும்போது வேறொன்றாக வந்தது. தண்ணீர் கேட்க நினைத்துக் "கதவு" என்றாள். மெதுவாகத்தான் சரியாகும், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

நிக்காஹைத் தள்ளிப்போட வழியில்லை. மாப்பிள்ளையின் துபாய் லீவு ஜூன் பத்தோடு முடிகிறது. ஹஃப்சாவுக்குப் பொத்தான் தைக்கக்கூட வராது. அன்னவாசலில் மருந்துக்கடை வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். "வெளிய குடுத்து முடிச்சிரலாம்மா" என்று அவள் சொன்னதும் ரமீஜா துப்பட்டாவை இடது கையால் நெஞ்சோடு அள்ளிக்கொண்டாள்.

"விடு, நான் போடுறேன்" என்றார் கணவர் உமர் பாரூக். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது. முப்பது வருசம் வலை பின்னிய கை அவருக்கு. "நீ சொல்லு புள்ள, நான் செய்றேன்."

சொல்வதுதானே முடியவில்லை.

பூக்களின் காம்பில் தொடங்கினார்கள். ஸ்டெம் ஸ்டிச். ஒவ்வொரு குத்துக்கும் நூல் ஊசிக்குக் கீழே கிடக்க வேண்டும். அப்போதுதான் முறுக்கிய கயிறு போலக் கோடு எழும்பும். மேலே போட்டால் முறுக்கு மாறி வேறு தையலாகிவிடும். உமர் மேலே போட்டார்.

"மேல" என்றாள் ரமீஜா. கீழே என்றுதான் நினைத்தாள்.

"மேலதான் போட்டிருக்கேன்."

"மேல! மேல!" கட்டிலைக் குத்தினாள்.

"மேலதானே இருக்கு? பொறகு ஏன் கோவப்படுற?"

விரலைக் கீழே காட்டினாள். ஊசி விழுந்துவிட்டதோ என்று அவர் தரையில் தேடினார். ரமீஜா துணி மாட்டியிருந்த ஃபிரேமைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். அவர் எழுந்து வெளியே போனார்.

தரையில் நகர்ந்து போய் அதை எடுத்தாள். பூ நடுவில் வைக்கும் 'பிரெஞ்சு நாட்' என்ற குட்டி முடிச்சையாவது தானே போட்டுவிடலாம் என்று பார்த்தாள். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கை நூலை இழுத்துப் பிடிக்க, மறு கை ஊசியை இறக்க வேண்டும். நூல் பிடிக்கும் கைக்குப் பதில் பல்லால் கடித்துக்கொண்டாள். முடிச்சு நழுவி நூல் அடியில் போய்விட்டது. ஏழு தடவையும் அப்படியே. யா அல்லா, கை போனால் போகட்டும், 'கீழ' என்ற ஒரு வார்த்தையை மட்டும் கொடு என்று அழுதாள். வாய்விட்டுக் கேட்க முயன்றபோது அந்தத் துஆவும் உளறலாகத்தான் வந்தது.

மறுநாள் மதியம் கண்ணயர்ந்து விழித்தபோது உமர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் போட்டு முடித்திருந்த ஒரு நல்ல காம்பை ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ரமீஜா அலறினாள். கட்டிலிலிருந்து விழுந்து, காலை இழுத்துக்கொண்டே போய் அவர் மணிக்கட்டைக் கடித்தாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கடிச்சுக்க. எப்புடிப் பின்னிருக்குன்னு பிரிச்சுப் பாத்தாத்தானே தெரியும்? இங்க பாரு, நூலு ஊசிக்குக் கீழ கெடந்திருக்கு. கீழ! இதையா நேத்து மேலன்னு சொன்ன?"

பல்லை எடுத்துவிட்டு அவர் தோளிலேயே தலையை முட்டி முட்டி அழுதாள்.

அப்படித்தான் வேலை நகர்ந்தது. இலைக்குச் செயின் ஸ்டிச், இதழுக்கு லேசி டெய்சி. ஒவ்வொன்றுக்கும் அவள் போட்டதில் ஒன்றைப் பிரித்து, பார்த்து, திரும்பப் போட்டார். மணிக்கட்டில் பல் தடம் கன்றிப்போய்க் கிடந்தது. ஆனால் பிரெஞ்சு நாட் பிரியவில்லை. வெட்டினால் நூல் துணுக்குதான் மிஞ்சியது. சனிக்கிழமை ஹஃப்சா வந்து அந்த முடிச்சுப் போடும் வீடியோவைப் போனில் காட்டினாள். அவரது தடித்த விரல்களில் முடிச்சு கட்டியாகித் துணியைச் சுருக்கி இழுத்தது. ரமீஜாதான் போதும் என்பதுபோல் அவர் கையைப் பிடித்தாள்.

அவர் போட்ட பன்னிரண்டு பூக்களின் நடுவிலும் ஒன்றும் இல்லை. அப்படியே போட்டுக்கொண்டுதான் ஹஃப்சா நிக்காஹுக்கு உட்கார்ந்தாள். "நடுவுல ஏன் காலியா கெடக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க அத்தா போட்டது" என்றாள் ஹஃப்சா. ரமீஜா குனிந்துகொண்டாள். அவளுக்கு அது அழகாகத் தெரியவில்லை. பன்னிரண்டு ஓட்டைகளாகத்தான் தெரிந்தன.

ஹஃப்சா கட்டுமாவடிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். தடைக்காலம் முடிந்து உமரும் கடலுக்குப் போனார். அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? ஏதாச்சும் சொல்லுங்கம்மா."

ரமீஜா வாயைத் திறந்தாள், மூடினாள். தப்பாக ஏதாவது வந்து பிள்ளை பயந்துவிடக் கூடாது.

"சரி, பேச வேணாம். வச்சிராதீங்க" என்றாள் ஹஃப்சா. அவளும் பேசவில்லை. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன் ரமீஜாவின் இடது கையில் இருந்தது. கண்ணைத் துடைக்க முடியவில்லை.