புளிக்காத குளிசை

யோகராஜா திறந்த எதையும் முதலில் மோந்து பார்ப்பார். பால், பெயின்ட், மற்றவர் வீட்டுத் தேநீர். மனோர் பார்க் பகுதியில் டைல்ஸ் ஒட்டும் வேலை. ஒட்டிக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் கேட்பார். அடியில் பசை பிடிக்காவிட்டால் சத்தம் வேறு. “ஆக்களையும் இப்பிடித்தான் தட்டிப் பாக்கிறவர்,” என்பாள் மனைவி சிவனேஸ்வரி.

அவருடைய பித்தப்பையை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் வலிக்கு ஒரு வலுவான குளிசை அட்டையும் கொடுத்தாள். நோ தாங்க முடியாவிட்டால் மட்டும். யோகராஜா அதைத் தொடப் பயந்தார். பாரிசில் அவருடைய அண்ணன் இராஜேந்திரனுக்கு முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு கொடுத்ததும் அந்த வகைதான். முதுகு ஆறியது. குளிசை விடவில்லை. இப்போது ஒன்று போடாமல் அவர் டெலிபோன்கூட எடுப்பதில்லை.

பரசிட்டமோலோடு விற்றமின் சி எடுத்துப் பார்க்கலாம் என்றாள் டொக்டர். வலுவானதன் தேவை குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, நிச்சயமில்லை.

“நிச்சயமில்லாததை எனக்கேன் தருகினம்?” என்றார் காரில். “சளி தடிமனுக்குக் குடிக்கிற சாமான். மருந்தை மிச்சம் பிடிக்கினம்.”

“கதையாமல் இருங்கோ, தையல் இழுக்கும்,” என்றாள் சிவனேஸ்வரி, வண்டியை ஓட்டியபடி.

ஆனாலும் வாங்கினார். போத்தலின் சீல் உடைபடவில்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினார். காலையும் மாலையும் அவள் ஒன்றைக் கையில் வைப்பாள். அவர் தண்ணீரோடு விழுங்குவார். நோ குறைந்து வந்தது. வலுவான குளிசை அட்டை உடையாமல் கிடந்தது. தனக்கு நம்பிக்கை வருவதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இருந்தும் பாரிசுக்கு டெலிபோன் எடுத்தார்.

“அண்ணை, இந்த விற்றமினை எடுத்துப் பாருங்கோவன்.”

“நீயோடா சொல்றாய்? அப்ப வாங்கத்தான் வேணும்.”

அடுத்த நாள் சிவனேஸ்வரி தண்ணீர் கொண்டுவர முந்திக் குளிசை நாக்கில் கரைந்தது. சுண்ணாம்புபோல. புளிப்பில்லை. துப்பி மோந்தார்.

“கள்ளச் சாமான்! சீலோடையே ஏமாத்திப்போட்டாங்கள். எடு என்ரை ஜக்கெற்றை. பாமசிக்குப் போறன்.”

“போகாதேங்கோ,” என்றாள் சிவனேஸ்வரி. “அது என்ரை கல்சியம் குளிசை.”

அவர் கட்டில் விளிம்பில் அமர்ந்தார்.

“வெட்டின காயத்துக்குப் புளி குடுக்கிறதோ? சீழ் பிடிக்கும். பத்தியத்திலை தேசிக்காய்ப் புளியே சேர்க்கிறதில்லை. அதுதான் வந்த அண்டைக்கே மாத்தி வைச்சனான்.”

“டொக்டர் சொன்னவள்.”

“அவள் நிச்சயமில்லாததைத் தாறாளெண்டு நீங்கள்தானே காரிலை சொன்னியள்.”

அவர் வயிற்றைத் தொட்டார்.

“நோகுதோ?”

“நீ சொன்னாப் பிறகு நோகுது.”

மேசையில் டெலிபோன் அடித்தது. பாரிசிலிருந்து அண்ணன். ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, வாங்கிப்போட்டன். அந்த வலுவான குளிசையைக் குறைக்கலாமெண்டு பாக்கிறன். உனக்கு மெய்யா வேலை செய்ததோ?”

சிவனேஸ்வரி தலையை ஆட்டினாள், ஆமென்று சொல்லச் சொல்லி.

“தெரியாதண்ணை,” என்றார் யோகராஜா. “நான் எடுத்தது அதில்லை. உங்கடை டொக்டரைக் கேக்காமல் ஒண்டையும் குறைக்காதேங்கோ.”



“நீ ஒண்டையும் நம்பாத ஆள். நீ சொன்னபடியாத்தான் நம்பினனான்,” என்றார் அண்ணன்.