உப்புக் கரித்த கஞ்சி

ஹபீஸா சட்டென்று வாய் திறக்கிற ஆள் இல்லை. ஃப்ரீமான்ட் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். வேலையும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது. லேபில் கன்னத்து உள்தோலின் செல்களைத் தட்டில் வளர்த்து, மேலே பூஞ்சையை விட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். அந்தப் பூஞ்சை நம்மில் பலர் வாயில் குடியிருப்பதுதான். உருண்டையாகச் சும்மா கிடக்கும்வரை செல்கள் கண்டுகொள்வதில்லை. அது நூல்விட்டு நீண்டு, நஞ்சைக் கக்கித் துளைக்க ஆரம்பித்தால்தான் செல்கள் கூப்பாடு போட்டு வெள்ளை அணுக்களை வரவழைக்கும். "எப்ப பேசணும்னு அதுங்களுக்குத் தெரியும்" என்பாள் பெருமையாக, தன்னையும் சேர்த்துத்தான்.

கணவர் ஷம்சுதீன் நேர்மாறு, ஆஸ்துமா இருந்தும் ஓயாத பேச்சு. வாரமெல்லாம் சாஃப்ட்வேர். நோன்பு மாதத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் பள்ளிவாசல் கஞ்சி அவர் பொறுப்பு. நோன்போடு ருசி பார்க்க முடியாதே, ஆவியை முகர்ந்தே உப்பை நிதானிப்பார். இந்த ஒரு பெருமையை வைத்தே மனிதர் மீதி பதினோரு மாதத்தையும் ஓட்டுகிறார் என்று ஹபீஸா கேலி செய்வாள்.

இந்த வருடம் முதல் சனியே கஞ்சி லேசாகக் கரித்தது. "சூப்பர் பாய்" என்று எல்லாரும் குடித்தார்கள். அவர் நாக்குக்கு மட்டும் சப்பென்றிருந்ததாம். அடுத்த சனி ஒரு கை கூடப் போட்டார். அப்போதும் "சூப்பர்". மகள் ஃபைஹா, "இட்ஸ் குட், வாப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாள். ஆசையாய்ச் செய்கிறவர் மனத்தை நோகடிப்பானேன் என்று ஹபீஸாவும் பொறுத்தாள்.

மூன்றாம் சனி கஞ்சியை வாயில் வைக்க முடியவில்லை. திரும்பும்போது காரில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் வேற யாராவது பாத்துக்கட்டும். குப்பைத் தொட்டி பூரா கப்பு, பாதிக் கஞ்சியோட. எனக்கு ஒண்ணுமே தெரியல ஹபீஸா. நாக்கு போச்சு. வயசாயிடுச்சு."

அந்தக் கஞ்சிக் கரண்டியை விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்? வீட்டு வாசலில் கார் நின்றதும், "வாயத் திறங்க" என்று ஃபோன் வெளிச்சத்தை அடித்தாள். நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை. தினமும் தட்டில் பார்க்கிற பூஞ்சை, வீட்டுக்குள்ளேயே இருந்து அவர் ருசியை மறைத்திருக்கிறது.

"இன்ஹேலர் அடிச்சிட்டு வாய் கொப்பளிக்கிறீங்களா?"

"விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாடு முடியறப்பதான் அடிக்கிறேன். உடனே பாங்கு சொல்லிடுது. தண்ணி உள்ள போயிட்டா நோன்பு என்ன ஆகுறது?"

"அப்ப தொழுகைக்கு ஒளு எடுக்கறப்ப கொப்பளிக்கிறது?"

"அது... லேசாத்தானே."

ஆஸ்துமாவுக்கான அந்த மருந்து வாயில் தங்கிவிட்டால் செல்களின் கூப்பாட்டையே அமுக்கிவிடும். அவை வாயடைத்துப் போனதற்கு மருந்து காரணம். தனக்கு என்ன காரணம்? தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"மூணு வாரமா உப்பு கூடிட்டேதாங்க இருக்கு. நான்தான் சொல்லல."

"ஊர் சொல்லாது, சரி. நீயுமா?" என்றார் அவர். பூஞ்சையைவிட அதுதான் அவருக்கு எரிந்தது.

டாக்டர் மருந்து தந்தார். இன்ஹேலர் சஹர் சாப்பாட்டுக்கு முன்னால் என்று மாறியது, வாய் கொப்பளிப்பதும் சேர்ந்தது. அடுத்த சனி, ஹபீஸாவே பிடிவாதமாகக் கரண்டியை அவர் கையில் கொடுத்து அனுப்பினாள். நோன்பு திறந்ததும் வழக்கம்போல நாலா பக்கமும் "சூப்பர் பாய்". அவர் யாரையும் நம்பவில்லை. கப்பை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்து நின்றார்.

ஒரு வாய் குடித்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"உப்பு கொஞ்சம் கம்மிங்க."

ஷம்சுதீன் முகமெல்லாம் சிரிப்பு. "ஆமால்ல? எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."