கதீஜா எழுதிய பெயர்கள்

கதீஜா காலமான செய்தி வந்தபோது டோபி காட் நிலையத்தில் ரயில் மாறிக்கொண்டிருந்தேன். நம் புகைப்பட வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகன் அன்வர் எழுதியிருந்தார். இரங்கல்களுக்கு நடுவே ஒருவர், "பேரெல்லாம் அழிஞ்சது அவங்களாலதான்னாலும் நல்ல மனுஷி, பாவம்" என்று போட்டிருந்தார். நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ரயிலேறினேன்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தேக்கா சந்தையைச் சுற்றி நம் உறுப்பினர்கள் எடுத்த படங்களையெல்லாம் கணினியில் ஒழுங்குபடுத்தியவர் கதீஜா. வேலை முடிந்ததும் படங்களோடு வீடு வீடாகப் போய், "இது யாரு, சொல்லுங்க" என்று கேட்பார். தெரிந்த முகத்துக்கெல்லாம் பெயர் எழுதிவைப்பார். ஆறு ஆண்டுகள் இதைச் செய்தார். "பேரு இல்லாட்டி அது வெறும் கூட்டம் லா" என்பார்.

அவர் பயன்படுத்தியது இலவசமான ஒரு பழைய மென்பொருள். பார்க்க அழகாக இருக்காது. நான் வேறொன்றைக் கொண்டுவந்தேன். அது முகங்களைத் தானாகப் பிரிக்கும், மங்கிய படத்தை நொடியில் தெளிவாக்கும். எதை வைத்துக்கொள்வது என்று பேசிய கூட்டத்தில், "கதீஜாவோட புரோகிராம் தாத்தா காலத்து ரேடியோ மாதிரி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மாத்துங்க சேகர். ஆனா பேரெல்லாம் படத்துக்குள்ள இல்ல, இந்தப் புரோகிராம்லதான் இருக்கு. முதல்ல அத வெளிய எடுக்கணும். நான் வந்து காட்டுறேன்."

நான் கூப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து படங்களை மட்டும் மாற்றினேன். பழைய கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, பழைய சாமான் எடுக்கும் கரங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

கண்காட்சி நாளில் திரையில் முகங்கள் வந்தன. பெயர்கள் வரவில்லை. இறந்துபோன தன் அப்பாவின் பெயரைப் பார்க்க வந்திருந்த ஒருவர் சத்தம் போட்டார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"கதீஜா சேவ் பண்ணாம விட்டுட்டாங்க போல" என்றேன்.

கதீஜா மூன்றடி தள்ளிக் கறிபஃப் தட்டோடு நின்றிருந்தார். என்னையே பார்த்தார். அடுத்த மாதம் அவரைச் செயற்குழுவிலிருந்து நீக்கினோம். நானும் கை தூக்கினேன்.

பிறகொரு நாள் தேக்கா சென்டரில் டீ குடிக்கக் கூப்பிட்டார். "எனக்குப் பதவி வேணாம். மார்க்கெட்ல ஆளுங்க முகத்தத் திருப்பிக்கிறாங்க. நீங்க ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லிடுங்க, போதும்."

"அடுத்த மீட்டிங்ல சொல்றேன்" என்றேன்.

அந்தக் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புதிய மென்பொருளில் வானத்தின் நிறத்தை மாற்றுவது எப்படி என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் அன்வர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். நோயோடு இருந்த கடைசி மாதங்களில், அச்செடுத்த படங்களை வைத்துக்கொண்டு கதீஜா மறுபடியும் பெயர்களைத் தேடியிருக்கிறார். பல படங்களின் எண்ணுக்கு நேரே, "சொல்ல ஆள் இல்லை" என்று இருந்தது. முன்பு சொன்னவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

"அம்மா பண்ண தப்ப அவங்களே சரிபண்ணப் பாத்தாங்க, அங்கிள்" என்றார் அன்வர்.

பெற்ற மகனிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது புரிந்த பிறகும் நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அன்வர் இப்போது இந்த இரங்கல் கூட்டத்தின் முன்வரிசையில் இருக்கிறார். தம்பி, தப்பு உங்கள் அம்மாவுடையது அல்ல. அவர் எச்சரித்தும் பெயர்களை அழித்தவன் நான். பழியை அவர்மேல் போட்டவனும் நான். உயிரோடு இருந்தபோது அவர் என்னிடம் கேட்டது இந்தச் சில வார்த்தைகளைத்தான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நோட்டு மட்டும். இனியும் அதை நான் வைத்திருக்கலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், தம்பி.