பின்னறைக்குப் போகாதவள்

ஹிமாயாவுக்கு அறை கட்டினார்கள். கட்டியவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மருதமுனையில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வான், பெற்றவள் பின் வளவில் ஓர் அறைக்கு ஒதுங்குவாள். ஒரே மகள் றுக்ஸானாவின் கலியாணத்தோடு ஹிமாயாவும் முகம் சுளிக்காமல் வீட்டை எழுதிக் கொடுத்தாள். மருமகன் றிபாத் தங்கமான பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மாமிக்கென்று பின்னால் அறை எழுப்பி, தரைக்கு மாபிள் பதித்து, ஒட்டினாற்போல் குளியலறையும் வைத்துக் கொடுத்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, இப்படியொரு மருமகன் யாருக்குக் கிடைக்கும் என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

அந்த அறையைக் கண்டு அவளைவிடப் பூரித்தவர் அவள் கணவர் உதுமாலெவ்வை. மனிதர் சின்ன லொறியொன்றில் மருதமுனைக் கைத்தறிச் சாரனும் படுக்கை விரிப்பும் ஏற்றிக்கொண்டு மகியங்கனை, பிபிலை, வெல்லவாய என்று சந்தை சந்தையாக ஓடியவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஊரில் நிற்பார், சனி விடிந்தால் போய்விடுவார். இனிப் போதும், லொறியை விற்றுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கப் போகிறேன் என்று காண்கிற ஆளிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஹிமாயா பேசாமல் இருந்தாள். அவர் வழியில் கண்டதையெல்லாம் வந்து சொல்லுவார், இவள் சோறு போட்டபடி கேட்பாள். மகாவலியில் குளித்த கதை, மலைப் பாதையில் மூடுபனிக்கு லொறியை ஓரங்கட்டிய கதை. என்னையும் ஒருக்காக் கூட்டிப் போங்கள் என்றால், பிறகு பார்ப்போம் என்பார். பிள்ளை சின்னது, பிள்ளைக்குப் பரீட்சை, மதில் கட்ட வேண்டும், பிள்ளைக்குக் கலியாணம். ஒரு வழியாக எல்லாம் முடிந்தது. முடிந்த கையோடு அறையும் தயார். எவ்வளவு பொருத்தமாக அமைத்துவிட்டார்கள் பாருங்கள்!

லொறி வாங்க ஆள் வருகிற அன்று காலையில்தான் அவள் வாய் திறந்தாள்.

"லொறிய விக்க வேணா. அதுலதான் நான் இரிக்கப் போறன்."

உதுமாலெவ்வை முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பொம்பிளைக்கு லொறியில் என்ன இருப்பு, குளிக்க எங்கே போவாய், சனம் என்ன கதைக்கும் என்று அடுக்கினார். கடைசியில்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"முப்பது வருஷமா ஓடிட்டன் புள்ள. எனக்குக் குந்தணும்."

"நீங்க ஓடின முப்பது வருஷமும் நான் ஊட்டுக்குள்ள குந்திட்டன். எனக்குக் காணும். நீங்க குந்துங்க, திறப்ப மட்டும் தாங்க." சாவிக்குக் கையை நீட்டினாள்.

வெறும் வாய்வீச்சு இல்லை இது. கலியாண வேலைகள் நடந்த மாதங்களில், சாமான் வாங்கக் கல்முனைக்குப் போகிறேன் என்று போனவள் அங்கே வாகனம் ஓட்டப் பழகி, லைசன்சும் எடுத்து வைத்திருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, கெட்டிக்காரி!

றுக்ஸானாதான் உடைந்து போனாள்.

"ஊட்ட எழுதி வாங்கிப் போட்டு உம்மாவ றோட்டுல விட்டுட்டாள் எண்டு சனம் என்னத்தான் ஏசும். எண்ட முகத்த நான் எங்க கொண்டு வெக்கிற?"

பிள்ளையின் பயம் பொய்யில்லை. சனம் அப்படித்தான் கதைக்கும், பிறகு கதைக்கவும் செய்தது. ஹிமாயா மகளின் தலையைத் தடவி, கண்ணைத் துடைத்துவிட்டாள். எடுத்த முடிவை மட்டும் விடவில்லை.

பெண்சாதியைத் தனியே விட்டுவிட்டுப் படுத்துக் கிடக்க உதுமாலெவ்வையால் முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். இரண்டு கிழமையில் இடுப்பு நொந்து தானாகத் திரும்புவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். சாரன் கட்டுகளின் மேல் பாய், ஒற்றைக் கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்க் கான். இவ்வளவுதான் குடித்தனம். மகியங்கனையில் காற்றும் மழையுமாக அடித்து, லொறிக்கு மேலே கட்டிய படங்கு கிழிந்து சரக்கெல்லாம் நனைந்தபோது, வீட்டுக்குப் போவோம் என்ற சொல் வராதா என்று அவள் வாயையே பார்த்தார். அவள் ஊசியும் நூலும் எடுத்துப் படங்கைத் தைத்தாள். மறுநாள் வெயிலில் சாரன்களைக் காயவைத்து, நனைந்த சரக்கு என்று உண்மையைச் சொல்லியே விற்றாள். சிங்களம் சந்தையிலேயே பழகிற்று. பசறை மலை வளைவுகளில் அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் இருந்து வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார்.

மாதங்கள் போயின. இங்கே றுக்ஸானா கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: உம்மா சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போயிருக்கிறார், வந்துவிடுவார். ஒரு நாள் சரக்கு ஏற்ற இருவரும் ஊருக்கு வந்தபோது, இனி விடுவதில்லை என்று பின்னறையைக் கழுவிப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். உதுமாலெவ்வை நேரே போய்க் கட்டிலில் விழுந்தார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஹிமாயா கை, முகம், கால் கழுவி வுழூச் செய்துவிட்டு, இத்தனை காலமும் தொழுத அதே முன்னறையில் தொழ நின்றாள். றுக்ஸானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லுஹர் நாலு ரக்அத், நாலு சுற்றுத் தொழ வேண்டும். ஹிமாயா இரண்டாவது ரக்அத்தோடு இருந்து, இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்து முடித்துவிட்டாள்.

"உம்மா, ரெண்டுதான் தொழுதிருக்கீங்க." வந்த களைப்பில் மறந்துவிட்டாள் என்றுதான் மகள் நினைத்தாள்.

"மறக்கல்ல மகள். பயணத்துல இரிக்கிறவங்களுக்கு ரெண்டு காணும்தானே."

"ஊருக்கு வந்தா நாலு உம்மா. இது ஒங்கட ஊடு."

"ஒண்ட ஊடு. நான்தானே எழுதித் தந்தன். இஞ்ச இரிக்கிற நிய்யத்து எனக்கில்ல. அல்லாட முன்னால நிண்டு, இரிக்கப் போறன் எண்டு பொய் சொல்ல ஏலுமா?"

றுக்ஸானா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையென்றால் அழுகை, குலுங்கிக் குலுங்கி. தன்னோடு கோபித்துக்கொண்டு போனவளென்றால் சமாதானம் சொல்லித் திருப்பலாம். ஊருக்குப் பயந்தவளென்றால் ஊரைக் காட்டி மறிக்கலாம். உம்மா மனதில் வைத்திருக்கும் நிய்யத்தை அவள் எதைக் கொண்டு மறிப்பாள்? ஹிமாயா பாயை விட்டு எழும்பி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சபியா உம்மா, பக்கத்து வீட்டுக்காரி, எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். லொறியைக் கண்டுவிட்டாள் போல. உம்மா வந்துவிட்டாவாமே, இனி இங்கே இருப்பாதானே என்று கேட்டாள்.

றுக்ஸானா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள்.

"இல்ல மாமி. உம்மா பயணத்துல வந்திரிக்கா. நாளைக்கிப் போறா."